தேனின் சுவை: ஒரு திரைப்படமும் ஆங்கிலச் சபைகளின் தாய்சேய் இல்லங்களும்

திருச்சபை வரலாறு எழுதுவோர் ஆலோசனைச் சங்கக் குறிப்பேடுகளையும் பேராயர்களின் சுற்றுமடல்களையும் சான்றாகக் கொள்வர். திரைப்படத்தைச் சான்றாகக் கொள்வோர் அரியர். ஆயினும் சபை தன்னைக் குறித்து எழுதிவைக்கத் தவறிய ஒன்றை, சபையைப் பொருளாகவே கொள்ளாத திரைப்படம் ஒன்று காட்டிவிடக்கூடும். 1961ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த 'எ டேஸ்ட் ஆஃப் ஹனி', அதாவது 'தேனின் சுவை', அத்தகையது. எதிர்பாராமல் கருவுற்ற மணமாகாப் பெண்ணுக்கு அந்நாட்டுத் திருச்சபைகள் காட்டிய தயவு எத்தகையது என்பதை அப்படத்தின் துணைகொண்டு ஈண்டு ஆராய முற்படுகிறோம்.

பெரிய படநிறுவனங்கள் எவையும் இதனைத் தயாரிக்கவில்லை. டோனி ரிச்சர்ட்சன், ஜான் ஆஸ்போர்ன், ஹாரி சால்ட்ஸ்மன் ஆகிய மூவர் 1958இல் தொடங்கிய 'உட்ஃபால்' என்னும் சிறு நிறுவனத்தின் படைப்பு இது, ரிச்சர்ட்சனே இயக்கினார். மூலம் ஒரு மேடை நாடகம். அதனை எழுதிய ஷீலா டிலேனி, வட இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரத்துத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1958 மே 27ஆம் நாள் கிழக்கு லண்டனில் ஸ்ட்ராட்ஃபோர்டு அரங்கில் ஜோன் லிட்டில்வுட் அந்நாடகத்தை மேடையேற்றியபோது அவருக்கு வயது 19. படமாக்கியபோது ரிச்சர்ட்சன் அரங்க அமைப்புகளை விட்டுச் சால்ஃபோர்டின் உண்மைத் தெருக்களுக்கும் கால்வாய்க் கரைகளுக்கும் படக்கருவியைக் கொண்டு சென்றார். தணிக்கையாளர் அதற்கு 'எக்ஸ்' சான்றிதழ் வழங்கினர். பதினாறு வயதுக்குட்பட்டோர் காண இயலாது. தம் ஊரின் பெயர் கெட்டதென்று சால்ஃபோர்டில் முணுமுணுத்தோரும் இருந்தனர். ஆனால் 1962இல் கான் திரைவிழாவில் சிறந்த நடிகை, சிறந்த நடிகர் ஆகிய இரு பரிசுகளும் இப்படத்தின் இளையோர் இருவருக்கே, ரீட்டா டஷிங்ஹாமுக்கும் மரே மெல்வினுக்கும், கிடைத்தன.

கதை சிறியது. ஜோ என்பவள் பள்ளிப் பருவத்தை அப்போதுதான் கடப்பவள். தாய் ஹெலன், வாடகை கொடுக்க இயலாமல் அறைக்கு அறை மாறித் திரிபவள். மகளைவிடத் தன் ஆண் நண்பரையே நாடுபவள். அவள் ஒருவனை மணந்துகொண்டு போய்விட, தனித்துவிடப்பட்ட ஜோ, ஜிம்மி என்னும் கறுப்பினக் கப்பற் சமையற்காரனிடம் சில நாள் அன்பைக் காண்கிறாள். கப்பல் புறப்படுகிறது, அவன் திரும்புவதில்லை. ஜோ ஒரு காலணிக் கடையில் வேலைசெய்து, பாழடைந்த பெரிய அறையொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, தான் கருவுற்றிருப்பதை அறிகிறாள். அக்கடைக்குக் காலணி வாங்க வந்த ஜெஃப்ரி என்னும் மாணவன் அவளுக்கு நண்பனாகிறான். வீட்டுக்காரி அவனை அறையினின்று விரட்டியிருக்கிறாள். காரணத்தைப் படம் உரக்கச் சொல்லவில்லை. அவன் தன்பாலீர்ப்பு உடையவன் என்பது பார்ப்போர்க்கு விளங்கும்.

அவன் ஜோவின் அறைக்கு வந்து தங்குகிறான். தரையைத் துடைக்கிறான், சமைக்கிறான், பிறக்கப்போகும் குழந்தைக்குத் துணி தைக்கிறான். தாய்மார் மருத்துவமனைக்குத் தானே சென்று குழந்தை வளர்ப்பைக் கேட்டறிகிறான். பழகிப்பார்ப்பதற்கென ஒரு பொம்மையும் வாங்கி வருகிறான். அது வெள்ளைக் குழந்தைப் பொம்மை. ஜோ அதைக் கண்டதும் வெகுண்டு வீசியெறிகிறாள். அவளை மணந்துகொள்ளவும் அவன் முன்வருகிறான். அவள் ஒப்பவில்லை, எனினும் அவன் போய்விடவும் இல்லை. தயவு என்னும் சொல்லை நாம் பிரசங்கங்களில் எத்தனையோ முறை எடுத்தாளுகிறோம். தரையைத் துடைக்கும் தயவைத் திரையில் இவ்வளவு எளிமையாக நாம் கண்டதில்லை.

படத்தின் பெயரைக் கேட்டமாத்திரத்தில் வேதமாணவருக்கு யோனத்தான் நினைவுக்கு வருவான். கோல்முனையில் சிறிது தேனைச் சுவைத்ததற்காக, தன் தகப்பன் சவுல் பதறி இட்ட ஆணையின்படி சாகவேண்டியவனானான் அவன். 1 சாமுவேல் 14ஆம் அதிகாரத்தில் அவனை விடுவித்தது சட்டமும் அன்று, ஆசாரியனும் அன்று. இடைமறித்து நின்ற ஜனங்களே. ஆசாரியன் அப்போது அருகிலேயே இருந்தான் என்பதையும் அவ்வதிகாரம் சொல்லாமற்போகவில்லை.

மாணவர் சிலருடன் இப்படத்தை நாம் பார்த்தபோது, அவர்களுள் ஒருவர், "இதில் போதகர் எங்கே, ஐயா?" என்று வினவினார். நல்ல வினா. முக்கியப் பாத்திரங்களுள் போதகர் எவருமில்லை. மாமன்றமோ சபை நடத்திய இல்லமோ இக்கதையில் இடம்பெறவில்லை. ஆனால் 1961இல் சால்ஃபோர்டில் ஜோவைப் போன்ற ஒரு பெண் உண்மையாகவே இருந்திருப்பாளாயின், அவளுடைய தாயோ மருத்துவரோ அவளை அனுப்பியிருக்கக்கூடிய இடம் பெரும்பாலும் சபைகள் நடத்திய தாய்சேய் இல்லமே. படத்தில் காணப்படாத அவ்விடத்தின் வரலாறு நெடியது.

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் மணமின்றிப் பிள்ளை பெற்றவள், வெள்ளைத் துணி போர்த்து, சபையார் முன் நின்று தன் பாவத்தை அறிக்கையிடும்படி சபை நீதிமன்றங்கள் தண்டித்தன. அது வெளிப்படையான தண்டனை. தயவின் பெயரால் நிகழ்ந்த முதற் பெருமுயற்சி பதினெட்டாம் நூற்றாண்டினது. தாமஸ் கோரம் என்னும் முதிய கப்பல் தலைவர், லண்டன் சாலையோரங்களில் எறியப்பட்டுக் கிடந்த சிசுக்களைக் கண்டு மனம் பொறாதவராய், அவர்களுக்கு ஒரு காப்பகம் வேண்டி ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகள் வீடு வீடாய் அலைந்தார். இது தீயொழுக்கத்திற்குத் தூண்டுகோலாகும் என்று கூறிப் பெரியோர் கையொப்பமிட மறுத்தனர். பின்னர் உயர்குலச் சீமாட்டிகள் 21 பேர் கையொப்பமிட்டபின்னரே வழி திறந்தது. 1739இல் அரச சாசனம் கிடைத்தது. முதற் குழந்தைகள் ஏற்றுக்கொள்ளப்பட்ட நாள் 1741 மார்ச் 25. அது நம் திருமறை நாட்காட்டியில் கன்னி மரியாளுக்குத் தூதன் அறிவித்த திருநாள். அக்காலத்து ஆங்கிலேயருக்குப் புத்தாண்டு நாளும் அதுவே.

இடம் போதவில்லை. ஆகவே 1742 முதல் சீட்டுக் குலுக்குவது போன்ற ஒரு முறையைக் கையாண்டனர். தாய்மார் ஒரு பைக்குள் கைவிட்டு ஒரு பந்தை எடுத்தல் வேண்டும். வெள்ளைப் பந்து வந்தால் குழந்தை நோயற்றதாயின் ஏற்கப்படும். சிவப்பு வந்தால் காத்திருக்கவேண்டும். கறுப்பு வந்தால் குழந்தையுடன் திரும்பிப் போகவேண்டும். விட்டுச்செல்லும் தாய், பின்னொரு நாள் அடையாளம் காட்டுவதற்கெனத் துணித்துண்டு ஒன்றையோ நாணயம் ஒன்றையோ வைத்துச் சென்றாள். ஆயிரக்கணக்கான அத்துணித்துண்டுகள் பதிவேடுகளிற் குத்தப்பட்டவாறே இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன. மீட்டுச் சென்றோர் மிகச் சிலரே. 1756 முதல் 1760 வரை பாராளுமன்றம் பணம் தந்ததால் வந்த குழந்தைகளையெல்லாம் ஏற்றனர். அந்நான்கு ஆண்டுகளில் வந்தவை ஏறத்தாழ 15,000. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் இறந்தன. ஹாண்டல் தம் 'மெசியா' இசையை அக்காப்பகத்தின் சிற்றாலயத்தில் நிதிக்காக நடத்தினார் என்பதை நம் பாடகர் குழுவினர் அறிவர். அதே கட்டடத்தில் எழுந்த மற்ற ஓசைகளைக் குறித்துப் பேசுவோர் குறைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்காப்பகத்தார் தாயின் முன்னைய ஒழுக்கத்தை விசாரித்து, முதற்பிள்ளையாயிருந்தால் மட்டுமே ஏற்றனர். தகுதியுள்ளவள், தகுதியற்றவள் என்னும் பாகுபாடு அங்கே வேரூன்றிற்று.

1834ஆம் ஆண்டு ஏழைகள் சட்டம் இதனை மேலும் இறுக்கிற்று. மணமின்றிப் பிறந்த பிள்ளையின் பொறுப்பு முழுவதும் தாயின் தலையில் சுமத்தப்பட்டது. தகப்பனைத் தேடிப் பணம் பெறும் வழி அடைக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்குப் பின்னர், 1844இல், தாய் தானே நீதிபதியிடம் முறையிடலாம் என்று அது சற்றே தளர்ந்தது. போக்கிடமற்றவள் ஏழைகள் உழைப்பில்லத்தில் பிள்ளை பெற்றாள். அக்கொடுமையைக் கண்டே சபைகள் இல்லங்களைத் தொடங்கின என்பதை நாம் மறத்தலாகாது. மணமாகாத் தாய்மாருக்காகவே இரட்சணிய சேனை 1913இல் லண்டனின் கிளாப்டன் பகுதியில் ஒரு மகப்பேற்று மருத்துவமனையைத் திறந்தது. இங்கிலாந்துத் திருச்சபையின் திருமண்டலங்களில் 'ஒழுக்க நல ஊழியர்' என்னும் பெண்கள் அமர்த்தப்பட்டனர். மெதடிஸ்ட் சபையாரும் கத்தோலிக்கரும் தத்தம் இல்லங்களை நடத்தினர். பிறர் கதவடைத்தபோது திறந்த கதவுகள் அவை.

அக்கதவுகள் எப்படித் திறந்தன என்பதே நம் வினா. கருவுற்ற பெண் ஊரார் காணாதபடி தொலைவிலுள்ள இல்லத்துக்கு அனுப்பப்பட்டாள். பேறுகாலத்துக்குச் சில வாரங்கள் முன்னதாகச் செல்வதே வழக்கம். அங்குத் தரை துடைத்தலும் துணி வெளுத்தலும் ஆலய ஆராதனையும். இங்கிலாந்தில் தத்துக்கொடுத்தலைச் சட்டம் முதன்முதல் ஒழுங்குபடுத்தியது 1926இல். 1949ஆம் ஆண்டுத் திருத்தம், குழந்தைக்கு ஆறு வாரம் நிறையுமுன் தாய் கொடுக்கும் ஒப்புதல் செல்லாது என்றது. தாய் அவசரப்பட்டுக் கையொப்பமிடலாகாது என்னும் நன்னோக்கமே அதற்குக் காரணம். நடைமுறையில் விளைந்தது வேறு. ஆறு வாரங்கள் அவள் குழந்தையைக் குளிப்பாட்டி, பாலூட்டி, அதன் முகத்தை அறிந்தாள். அதன்பின் ஒருநாள் அதற்கு நல்லாடை உடுத்திக் கையளித்தாள். பின்னர் ஊர் திரும்பி, ஒன்றும் நடவாததுபோல் வாழவேண்டும் என்பதே அவளுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை. 1948க்குப் பின் தேசிய உதவித் திட்டத்தின்கீழ் அவளுக்குப் பணவுதவி கிடைக்க வழியிருந்தது. அதனைப் பலருக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை.

மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தை ஈண்டு நினைவுகூர்தல் தகும். மரியாள் கருவுற்றதை அறிந்த யோசேப்பு நீதிமான். அவளை வெளியரங்கமாய் அவமானப்படுத்த விரும்பவில்லை. ஆகவே மறைவாய் விலக்கிவிட நினைத்தான். இதுவும் தயவே. வெள்ளைத் துணி போர்த்தி நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் தூதன் அவனிடம் உரைத்தது அத்தயவைக் கடந்தது: அஞ்சாதே, உன் வீட்டில் சேர்த்துக்கொள் என்பதே அதன் பொருள். ஆங்கிலச் சபைகளின் இல்லங்கள் யோசேப்பின் முதல் எண்ணத்தை ஒரு நிறுவனமாகக் கட்டின என்று நாம் கருதுகிறோம். தூதன் வருமுன் யோசேப்பு எண்ணிய இடத்திலேயே அவை நின்றுவிட்டன. படத்திலோ, சபையால் பாவியெனக் கருதப்பட்ட ஒரு வாலிபன், எந்தத் தூதனும் சொல்லாமலே, இரண்டாவதைச் செய்கிறான்.

வெள்ளைப் பொம்மையை ஜோ எறிந்ததிலும் வரலாறு உண்டு. நாடகம் மேடையேறிய அதே 1958இல், கோடைக்கால இறுதியில், நாட்டிங்ஹாமிலும் லண்டனின் நாட்டிங் ஹில்லிலும் கறுப்பின மக்கள்மீது வெள்ளையர் கும்பல்கள் பாய்ந்தன. கலப்பினக் குழந்தைகளைத் தத்தெடுக்க முன்வருவோர் அரியராயிருந்தமையால், தத்துச் சங்கங்கள் அவர்களை இடம் காண்பதற்கு அரியோர் என வகைப்படுத்தின. அவர்களுட் பலர் குழந்தைகள் இல்லங்களிலேயே வளர்ந்தனர். ஆகவே ஜோ அவ்வில்லத்தை நாடியிருந்தாலும், மற்றப் பெண்களுக்கு வாக்களிக்கப்பட்ட 'நல்ல குடும்பம்' அவளுடைய பிள்ளைக்கு எளிதிற் கிடைத்திராது.

இனி நாம் சொல்லவிருப்பது, இவ்வாய்வில் நம்மை மிகவும் நிறுத்திய செய்தி. மணமாகாத் தாய்மாரிடையே நடந்த சபை ஊழியத்தை லண்டனிலிருந்து வழிநடத்தியது இங்கிலாந்துத் திருச்சபையின் ஒழுக்க நல மன்றம். அதே மன்றம் 1954இல் ஓரினச் சேர்க்கையைக் குறித்து ஒரு இடைக்கால அறிக்கை வெளியிட்டது. ஆண்களிடையேயான ஓரினச் சேர்க்கை அன்று சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பாவம் என்பது வேறு, குற்றம் என்பது வேறு. இச்சட்டத்தை அரசு விசாரித்தல் வேண்டும் என்று அவ்வறிக்கை வலியுறுத்திற்று. அதன் பின்னணியில் உழைத்தவர் டெரிக் ஷெர்வின் பெய்லி என்னும் குருவானவர். 1955இல் அவர் வெளியிட்ட நூல் இப்பொருளில் மேலைத் திருச்சபை மரபை மறு ஆய்வு செய்தது. அரசு அமைத்த வுல்ஃபெண்டன் குழு 1957இல் அறிக்கை தந்தது. 1967இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டம் ஓரளவு மாறிற்று. அதாவது, ஜோவின் கோப்பும் ஜெஃப்ரியின் கோப்பும் திருச்சபையின் ஒரே அலுவலகத்து மேசையில் கிடந்தன. ஜெஃப்ரியைச் சிறையினின்று காக்கத் துணிந்து பேசிய அம்மேசை, ஜோவைக் குறித்து அத்துணிவைக் காட்டவில்லை. சட்டத்தை மாற்றும்படி அரசுக்கு எழுதுவது, குழந்தையோடு வரும் பெண்ணுக்குச் சபையில் இருக்கை ஒன்று ஒதுக்குவதைவிட எளிதாயிருந்தது போலும்.

வேறு குரல்கள் எழாமலும் இல்லை. மணமாகாத் தாயும் அவள் பிள்ளையும் பிரியாமல் வாழவேண்டும் என்னும் நோக்குடன் 1918இலேயே ஒரு தேசியக் கழகம் நிறுவப்பட்டது. ஒழுக்க நல ஊழியருள்ளும் இளகிய மனத்தினர் பலர் இருந்தனர். அவர்களைக் கொடியவர் என்று எழுதிவிடுவது நமக்கு எளிது, ஆனால் நீதியன்று. வாடகைக்கு அறை கிடைக்காத, வேலை நிலைக்காத, பெற்றோர் முகத்தில் விழிக்க அஞ்சிய பெண்ணுக்கு அவர்கள் படுக்கையும் உணவும் தந்தனர். பிள்ளையை இழக்காமல் வாழும் வழியைத் தரவில்லை என்பதே நம் குறை.

பின்னர் நிலைமை விரைவாக மாறிற்று. 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கடுங்குற்றமாயிருந்த கருக்கலைப்பை 1967ஆம் ஆண்டுச் சட்டம் சில நிபந்தனைகளுடன் அனுமதித்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் தத்துக்கொடுத்தல் 1968இல் உச்சத்தை எட்டி, அவ்வாண்டில் ஏறத்தாழ 24,800 ஆயிற்று. அதன்பின் ஆண்டுதோறும் குறைந்தது. தாய்சேய் இல்லங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. மூடிய கதவுகளுக்குப் பின்னால் நடந்தவை வெளிவர மேலும் பல்லாண்டுகள் சென்றன. 2013இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜூலியா கில்லார்டு, கட்டாயத் தத்துக்காகத் தம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2016இல் இங்கிலாந்து கத்தோலிக்கரின் தலைவர் கர்தினால் வின்சென்ட் நிக்கல்ஸ், தம் திருச்சபையின் பெயரால் இயங்கிய நிறுவனங்கள் விளைத்த வேதனைக்காக மன்னிப்புக் கோரினார். 2021இல் அயர்லாந்தின் விசாரணைக் குழு, தான் ஆராய்ந்த 18 நிறுவனங்களில் ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்தனர் என்று அறிவித்தது. இதனைக் கத்தோலிக்கரின் குற்றமென்று கருதி நம்மவர் ஆறுதல் கொள்ளவேண்டா. அப்பதினெட்டில் ஒன்று டப்ளினின் பெத்தானி இல்லம், புராட்டஸ்டண்டு இல்லம். அங்கிருந்த குழந்தைகளுள் இருநூறுக்கு மேற்பட்டோர் மவுண்ட் ஜெரோம் கல்லறைத் தோட்டத்தில் அடையாளமின்றிப் புதைக்கப்பட்டிருந்தனர். அவர்களுக்கு நினைவுக்கல் எழுந்தது 2014இல்.

பிரித்தானியப் பாராளுமன்றத்தின் மனித உரிமைக் கூட்டுக்குழு 2022 ஜூலையில் தன் அறிக்கையை வெளியிட்டது. 1949 முதல் 1976 வரை இங்கிலாந்திலும் வேல்சிலும் மணமாகாத் தாய்மாரிடமிருந்து ஏறத்தாழ 1,85,000 குழந்தைகள் எடுத்துத் தத்துக்கொடுக்கப்பட்டனர் என்று அது கணக்கிட்டது. முதுமையடைந்த தாய்மார் அக்குழுவின்முன் சாட்சி கூறினர். பேறுகாலத்தில் வலிதணிக்கும் மருந்தும் மறுக்கப்பட்டதை அவர்களுட் சிலர் நினைவுகூர்ந்தனர். 2023இல் ஸ்காட்லாந்து அரசும் வேல்சு அரசும் மன்னிப்புக் கேட்டன. அவ்வாண்டில் லண்டன் அரசு சமுதாயத்தின் சார்பில் வருந்துவதாகச் சொல்லி அமைந்தது. குழுவின் முன் பேசிய தாய்மார் பலருக்கு, 1961இல் ஜோவின் வயதுதான் இருந்திருக்கும். டிலேனியோ பிற்காலத்தில் மணம் புரியாமலே ஒரு மகளைப் பெற்று, தாமே வளர்த்து, 2011இல் காலமானார்.

இனி மீண்டும் படத்துக்கு வருவோம். அதன் முடிவைச் சிலர் குறை கூறுவர். கணவனால் கைவிடப்பட்ட ஹெலன் மகளின் அறைக்குத் திரும்பி வருகிறாள். வந்தவள் ஜெஃப்ரிக்கு அங்கே இடமில்லை என்பதை முகத்திலடித்தாற்போல் உணர்த்திவிடுகிறாள். சண்டையிட்டால் ஜோவுக்குத் துன்பம் என்று அவன் எண்ணுகிறான் போலும். மூட்டையைக் கட்டிக்கொண்டு சொல்லாமலே வெளியேறுகிறான். அவன் கோழை என்று மாணவருள் ஒருவர் வாதிட்டார். மற்றொருவர், தாயும் மகளும் பிரியாதிருக்க அவனே தன்னை விலக்கிக்கொண்டான் என்றார். இரண்டையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் சேர்த்துக்கொண்டவனுக்கே வீடில்லாமற் போயிற்று என்பதைக் கவனித்தல் வேண்டும்.

அன்று ஆங்கிலேயர் தெருவில் தீமூட்டிக் கொண்டாடும் நவம்பர் 5ஆம் நாள் இரவு. பிள்ளைகள் குப்பைகூளத்தைக் குவித்துக் கொளுத்திப் பாடுகின்றனர். நிறைமாதத்தினளான ஜோ ஜெஃப்ரியைத் தேடி வாசலுக்கு வருகிறாள். அவன் இருளில் நின்று அவளைப் பார்க்கிறான். அவள் அவனைக் காணவில்லை. அவன் போய்விடுகிறான். சிறுவன் ஒருவன் எரியும் மத்தாப்பு ஒன்றை அவள் கையிற் கொடுக்கிறான். அவள் அதைப் பிடித்துக்கொண்டு, அது எரிந்து தீருமட்டும் பார்த்து நிற்கிறாள்.